உருத்திரபுரத்து இடக்கைகள்

நடத்துநர் என் பையை எஞ்சின் மூடியின் மேல் வைத்திருக்கிறார் என்பது மாங்குளம் தாண்டிய பிறகுதான் என் கண்ணில் பட்டது. பட்டதும் நான் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டார். முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிப்பாய்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே பதினாறு வட்டுகள். அடியில் இருந்த மூன்றும் சூட்டில் நெளிந்து, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தன. அந்த மூன்றில் ஒன்று எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். என் வீட்டுக்காரரைவிட மூன்று வருடம் சீனியர்.

ஒரு சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மா எனக்குத் தமிழில் சொன்னார்: “கலியாண வீட்டுக்குத் தட்டுக் கொண்டு போறீங்களோ எண்டு கேக்கிறார்.”

“இல்லீங்க, இது விளையாடறதுக்கு.”

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னும் என்னவோ சொன்னார். அதை மட்டும் அந்த அம்மா மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

சிப்பாயைக் குறை சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் என் சொந்தக்காரர்களுக்கே நான் என்ன வேலை செய்கிறேன் என்று இன்னும் புரியவில்லை. டிஸ்க் கோல்ஃப். புல்வெளியில் ஒன்பது இடத்திலோ பதினெட்டு இடத்திலோ சங்கிலி தொங்கும் கூடைகள் நிற்கும். தூரத்தில் இருந்து வட்டை எறிந்துகொண்டே போய்க் கூடைக்குள் விழவைக்க வேண்டும். எத்தனை எறியில் விழுகிறது என்பதுதான் கணக்கு. இதை விளையாடித்தான் பதினைந்து வருடமாக நான் சோறு சாப்பிடுகிறேன். கூடவே, எந்த வட்டை வாங்குவது, எப்படிப் பயிற்சி செய்வது என்று தமிழில் வீடியோ போடுகிறேன். அதைப் பார்ப்பவர்களை எண்ணிச் சொல்லிவிடலாம். அவர்களில் ஒருத்திதான் சுகந்தினி. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரத்தில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. என் வீடியோக்களைப் பார்த்து ஊரில் ஒரு குழுவையே சேர்த்துப் பழக்கிக்கொண்டிருப்பதாக இரண்டு வருடமாகக் குரல்செய்தி அனுப்புகிறாள். நானும் என் பழைய வட்டுகளில் ஆறை அனுப்பி வைத்திருந்தேன். கொழும்பில் ஒரு காட்சிப் போட்டிக்கு வந்தவள், மூன்று நாள் மிச்சம் இருந்ததால், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளிநொச்சியில் இறங்கியதும் கூட்டத்தில் இருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து என் பையை இடக்கையால் வாங்கித் தோளில் போட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கைகொடுக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவளுடைய வலது சட்டைக் கை முழங்கையோடு மடித்துக் குத்தப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு, “சொல்லவே இல்லையே!” என்று உளறிவிட்டேன். இரண்டு வருடம் பேசியிருக்கிறோம். தோளைத் திருப்புவது, மணிக்கட்டை மடக்குவது என்று எத்தனை கேள்வி கேட்டிருக்கிறாள்!

“நீங்க கேக்கேல்லையே, அக்கா” என்றாள் சுகந்தினி. “கடைசிச் சண்டையில போனது. வாங்கோ, வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ.”

அந்த ‘வாங்கோ’வில் பாதி வெட்கம் போயிற்று. எங்கள் கொங்குப் பக்கமும் ‘வாங்கோ’தான். கடலைத் தாண்டி வந்து நம் வீட்டு ‘ங்கோ’வைக் கேட்டால் யாருக்குத்தான் மனது இளகாது! ஓட்டோ வழியில் இரண்டு முறை நின்றது. முதல் முறை மாடுகளுக்காக. இரண்டாவது முறை எதற்கு என்று ஓட்டோக்காரருக்கே தெரியவில்லை. இறங்கித் தள்ளினோம். ஒரு கையால் அவள் தள்ளியதில்தான் வண்டி நகர்ந்தது. நான் சும்மா தொட்டுக்கொண்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிவப்பரிசிச் சோறும் இரணைமடுக் குளத்து மீன் குழம்பும். குழம்பின் காரம் என் உச்சந்தலையைத் திறந்து பார்த்துவிட்டு மூடியது. எங்கள் ஊரில் இதைக் காரம் என்று சொல்ல மாட்டார்கள், கொலைமுயற்சி என்பார்கள். சுகந்தினி இடக்கையால் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே, “வட்டு மூண்டும் நெளிஞ்சு போச்சு எண்டு கவலைப்படாதேங்கோ. சுடுதண்ணியில போட்டு எடுத்து, சமதரையில வைச்சு மேல பாரம் ஏத்தினாச் சரி” என்றாள்.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே சொன்னியள். பதினேழாவது வீடியோ.”

நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். குசினிக்குள் போய்ப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுடவைத்தாள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். மலையகத்தில் இருந்து வந்து இங்கே வயல் வேலை செய்யும் குடும்பம். பேச்சு நம் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருந்தது. “பழசை இந்தப் பாடு படுத்துறதுக்குப் புதுசையே எறியலாமேங்க?” என்று என்னைச் சீண்டினார். உடனே சுகந்தினி என் வீடியோவை ஒப்பித்தாள்: “புது வட்டு முரண்டு பிடிக்கும் பாக்கியமக்கா. அடிபட்டுத் தேஞ்சதுதான் சொன்ன பேச்சுக் கேக்கும். அதாலதான் ஒரே வட்டில புதுசு, பாதி தேஞ்சது, முழுக்கத் தேஞ்சது எண்டு மூண்டு வைச்சிருக்க வேணும்.” ஒரு சொல் பிசகவில்லை. என்னைவிட நன்றாகச் சொன்னாள். எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

அன்று சாயங்காலம் மூன்று வட்டுகளும் நிமிர்ந்துவிட்டன.

மறுநாள் காலை பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். பாலில்லாத பிளேன்ரீயைக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் கொடுத்தார்கள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். பில்டர் காபி இல்லாமல் எனக்குக் காலை விடியாது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். விடிந்தது.

மைதானம் என்றால் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் மாடு மேயும் தரவை. அங்கே ஒன்பது கூடைகள் நின்றன. பழைய சைக்கிள் றிம்மைக் கம்பத்தில் படுக்கவைத்து, அதில் இருந்து சைக்கிள் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே இன்னொரு றிம்மில் மீன் வலை கட்டியிருந்தார்கள். நான் அனுப்பிய ஆறு போக, மற்ற வட்டுகள் எல்லாம் பெயின்ற் வாளி மூடிகள். ஓரத்தில் பாரத்துக்காகத் தோட்டக் குழாயைச் சுற்றி உருக்கி ஒட்டியிருந்தார்கள். இதெல்லாம் றபீக் நானாவின் கைவேலை; நானா என்றால் அங்கே அண்ணன். கிளிநொச்சியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் முல்லைத்தீவு. எங்கெங்கோ இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஒரு மூடியை எடுத்து என் கையில் தந்தார். வாங்கும்போது அவருடைய வலது ஆட்காட்டி விரலின் ஓரத்தில் தடித்த காய்ப்பைப் பார்த்தேன். இரும்புக்கடைக் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள். வயல் வேலைக்காரர்கள், குளத்தில் மீன் பிடிப்பவர்கள், உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள். முதலில் பாக்கியம் வந்தார். சேலையை இழுத்துச் செருகினார். தோளைத் திருப்பினார். இடக்கையால் எறிந்தார். அருமையான எறி! இடக்கைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தவரும் இடக்கை. சரி. மூன்றாவது ஆளும் இடக்கை. நான்காவது. ஐந்தாவது. றபீக் நானாவும் இடக்கை.

எனக்கு மண்டை சுற்றியது. “ஏனுங்க, இந்த ஊர்ல எல்லாருமே இடக்கைக்காரங்களா?” என்று கேட்டேன்.

றபீக் நானா என்னை விசித்திரமாகப் பார்த்தார். “நீங்க எறியிற மாதிரித்தானே அக்கா எறியிறம்.”

“நான் எறியற மாதிரியா?”

பாக்கியம் தன் போனை எடுத்து என் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார். பார்த்தேன். பகீரென்றது. திரையில் நான் இடக்கையால் எறிந்துகொண்டிருந்தேன். என் சட்டையில் இருந்த எழுத்துகள் எல்லாம் மறுபக்கமாகத் திரும்பிக் கிடந்தன. அடக் கடவுளே! எல்லா வீடியோவையும் நானே போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தேன். அது கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றிப் பதிந்திருக்கிறது. என் குரலை நானே கேட்கச் சகிக்காது என்பதால் நான் ஒன்றைக்கூடத் திரும்பப் பார்த்ததில்லை. என் இடுப்பளவைப் பற்றி ஒருத்தன் எழுதிய நாளில் இருந்து கருத்துப் பெட்டியையும் மூடி வைத்திருக்கிறேன். ஆக, சொல்ல ஆளில்லை. வலக்கையால் எறியும் ஒருத்தியைப் பார்த்து ஓர் ஊரே இடக்கையால் பழகியிருக்கிறது!

ஒன்று மட்டும் இடித்தது. “கடைசியில் வட்டு இடது பக்கம் சாயும்னு நான் சொல்லியிருப்பேனே. உங்களுக்கெல்லாம் வலது பக்கமாத்தானே சாயும்?”

“ஓம், வலப்பக்கந்தான் சாயுது. நீங்க இடம் வலம் மாறிச் சொல்லுறியள் எண்டு விட்டிட்டம்” என்றார் றபீக் நானா. “பெரிய ஆக்களுக்கு அப்பிடி வாறதுதானே.”

அங்கேயே உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். “கேளுங்க, ஒரு பெரிய தப்பு நடந்திருக்கு” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், றபீக் நானா போனை வெடுக்கென்று பிடுங்கிப் பாக்கியத்திடம் கொடுத்தார். “ரீச்சர் வாறா” என்றார். சுகந்தினி விறுவிறுவென்று நடந்துவந்து என் முழங்கையைப் பிடித்தாள். “அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளேல்லை. வாங்கோ, வாய்க்கால் பக்கம் இருப்பம்.”

வாய்க்கால் ஓரத்தில் மருத மர நிழலில் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் நின்றாள்.

“சுகந்தினி, நான் வலக்கைக்காரி. அந்த வீடியோ எல்லாம்…”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“முதல் வீடியோவிலயே தெரியும். உங்கட சட்டையில எழுத்து மறுபக்கமாத் திரும்பிக் கிடந்ததே. நான் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிறனான், அக்கா. எனக்குத் தெரியாமல் போகுமே?”

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

“முதல் பார்த்த நேரம் உண்மையா இடக்கை எண்டுதான் நினைச்சன். எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். அரை மணித்தியாலத்தில எழுத்தைக் கண்டு விளங்கிட்டுது. பிறகு யோசிச்சன். ஒரு கையில்லாதவளிட்ட ஆர் விளையாட்டுப் பழக வருவினம்? வீராங்கனையே இடக்கையாலதான் எறியிறவா, இந்த விளையாட்டே இடக்கை விளையாட்டு எண்டு சொன்னன். வந்திச்சினம்.”

“ஊரையே ஏமாத்தியிருக்கே!” மரியாதை எல்லாம் என் வாயில் இருந்து ஓடிப்போயிற்று. “என்னை வெச்சு ஏமாத்தியிருக்கே!”

“ஓம். ஏமாத்தினனான்” என்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. “நாளைக்கு விளையாட்டு அலுவலர் வாறார். முன்பள்ளியில பிள்ளையள் குறைஞ்சு போச்சு, பக்கத்து ஊரோட சேர்க்கப் போகினம். தையில இருந்து எனக்கு வேலையில்லை. பள்ளிக்கூடங்களுக்கு இந்த விளையாட்டைப் பழக்க ஒரு ஆள் எடுக்கினம். ஒரு கையோட எப்பிடிப் பழக்குவீங்கள் எண்டு அவர் கேட்டார். வீராங்கனையே இடக்கை, அவா வந்து விளையாடிக் காட்டுவா, கடிதமும் தருவா எண்டு சொல்லிப்போட்டன். நீங்க நாளைக்கு வலக்கையால எறிஞ்சியள் எண்டால், எல்லாருக்கும் பிழையாப் பழக்கினவள் எண்டு என்னைத் துரத்திவிடுவினம்.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“இடக்கையால எறியுங்கோ.”

நான் சிரித்துவிட்டேன். கோபத்தில் வருகிற சிரிப்பு. இடக்கையால் எனக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாது. முடியவே முடியாது, தொழிலில் பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தம் போட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அக்கா. பின்னேரம் சாப்பிட என்ன வேணும்?” என்றாள். அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு வாளி மூடியை எடுத்துக்கொண்டு தனியாகக் கூடைப் பக்கம் போனேன். இடக்கையால் எறிந்தேன். அது எனக்குப் பின்னால் போயிற்று. மறுபடி எறிந்தேன். மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றது.

“தோள் திரும்பேல்லை.” பின்னால் சுகந்தினி. “கையால எறியாதேங்கோ. இடுப்பால எறியுங்கோ, கை சும்மா கூட வரட்டும்.” அது என் வசனம். நான்காவது வீடியோ. “கூடையைப் பாக்காதேங்கோ. ஒரு சங்கிலிக் கண்ணியை மட்டும் பாருங்கோ.” அதுவும் என் வசனம்தான். “அஞ்சு மீற்றரில பத்துக்கு ஒம்பது விழுகிற வரைக்கும் ஒரு அடி பின்னுக்குப் போகக்கூடாது.” இதை எந்தப் பாவி சொன்னான் என்று எரிச்சல் வந்தது. அதையும் சொன்னது நான்தான்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும்போது இது இவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியாது. பத்துக்கு இரண்டு விழுந்தது. பிறகு மூன்று. அவள் என் பக்கத்தில் வந்து நின்று, தன் இடது காலால் என் இடது காலைத் தள்ளிச் சரிசெய்தாள். என் முதுகில் தோளால் ஒரு தட்டு. கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு மறுகை இல்லை. அதனால் உடம்பின் எந்த இடம் பிசகுகிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லப் பழகியிருந்தாள். பதினைந்து வருடத்தில் எனக்கு வாய்த்த எந்தப் பயிற்றுநருக்கும் அந்தக் கண் இருந்ததில்லை. பொழுது சாய்வதற்குள் பத்துக்கு ஆறு விழுந்தது. என் கோபம் எங்கே போயிற்று என்று தேட நேரமில்லை.

மூன்றாம் நாள் காலை அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு. வாகை மரத்தடியில் அவருக்குக் கதிரை போட்டுச் சோடா கொடுத்தார்கள். ஊரே வந்திருந்தது. நானும் சுகந்தினியும் ஐந்து கூடைகளுக்கு விளையாடுவது என்று ஏற்பாடு.

பதினோரு வருடப் பழைய வட்டை இடக்கையில் எடுத்தேன். வலக்கை தானாகவே முன்னால் வந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டேன். இடக்கையால் எறிந்தேன். வட்டு அழகாக எழும்பி, அழகாகத் திரும்பி, அழகாக வாய்க்காலுக்குள் விழுந்தது.

உடனே அப்படி ஒரு கைதட்டல்! நான் திகைத்துப் போனேன். உலகத்தில் எங்கேயும் தண்ணீருக்குள் போட்டதற்கு எனக்கு யாரும் கைதட்டியதில்லை. பாக்கியம் இரண்டு விரலை வாயில் வைத்து விசில்கூட அடித்தார். வந்த விருந்தாளியை விட்டுக்கொடுக்காத நல்ல சனம் என்று நினைத்தேன். றபீக் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி வட்டை எடுத்துத் தந்தார். “நல்லா எறிஞ்சியள், அக்கா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

சுகந்தினி எறிந்தாள். வட்டு வயல் வரப்பின் மேல் தாழப் பறந்து, கடைசியில் வலப்பக்கம் சாய்ந்து, கூடைக்கு நாலு அடியில் உட்கார்ந்தது. முதல் கூடையை அவள் இரண்டு எறியில் முடித்தாள், நான் ஆறில். இரண்டாவது கூடையிலும் அதே கதை. மூன்றாவதில் என் வட்டு அலுவலரின் கதிரைக்குக் கீழே போய் நின்றது. நான் மோசமாக எறிய எறியக் கைதட்டல் ஏறிக்கொண்டே போயிற்று.

அலுவலர் குனிந்து வட்டை எடுத்துத் தந்தார். “இவாதானோ அந்த வீராங்கனை?” என்று பக்கத்தில் கேட்டார். பிறகு என்னிடம், “மிஸ்ஸுக்கு இண்டைக்குச் சுகமில்லைப் போல” என்றார்.

சுகந்தினி தூரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. தோள்வலி என்று சொல்லியிருக்கலாம்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார். இடக்கை ஆட்டத்துல இவங்க என்னைவிட ரொம்ப மேலே. நேத்து சாயங்காலம் இவங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க” என்றேன்.

அவர் கோப்பில் ஏதோ எழுதினார். ஐந்தாவது கூடையில் எனக்கு ஐந்து மீட்டர் எறி ஒன்று மிச்சம் இருந்தது. ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அது விழவில்லை என்றால் அன்றைக்கு நான் அழுதிருப்பேன். ஒரு சங்கிலிக் கண்ணியை மட்டும் பார்த்தேன். இடுப்பால் எறிந்தேன். சங்கிலி சலசலத்தது. வட்டு வலைக்குள் கிடந்தது. நான் கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சுகந்தினியைக் கட்டிப்பிடித்தேன். நாற்பத்தாறு வயதில், ஓர் அலுவலர் முன்னால். கோப்பைகள் வாங்கிய நாளில்கூட நான் இந்தக் கூத்து அடித்ததில்லை.

கடிதத்தை அங்கேயே கதிரையில் உட்கார்ந்து எழுதினேன், வலக்கையால். அலுவலர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பயிற்சி தந்தவர்களில் இவரைப் போல் இன்னொருவரைப் பார்த்ததில்லை என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அவர் படித்துவிட்டுக் கோப்புக்குள் வைத்தார். “தையில தொடங்கலாம், ரீச்சர்” என்றார். சுகந்தினி இடக்கையால் தன் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். அவள் கைதட்டுவது அப்படித்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானமே எனக்குப் பேருந்து. முன்பள்ளிப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று சுகந்தினி வீட்டு வாசலிலேயே விடைகொடுத்தாள். “எழுத்து நேராத் தெரியிற மாதிரி இனி வீடியோ எடுக்காதேங்கோ, அக்கா” என்று காதருகில் சொன்னாள். சிரித்தாளா, கெஞ்சினாளா என்று தெரியவில்லை. றபீக் நானாவும் பாக்கியமும் என்னைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெருவீதி ஓரத் தேநீர்க்கடையில் வடையும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார்கள். பேருந்து எதிர்ப்பக்கம் வந்து நின்றதும் ஓடிப்போய் ஏறினேன். பையை எஞ்சின் பக்கம் கொண்டுபோகக் கை நீட்டிய நடத்துநரை முறைத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு வட்டுகளை எண்ணினேன்.

பதினைந்து.

பழையதைத் தேநீர்க்கடை பெஞ்சில் வைத்துவிட்டேன்! மிதிபலகைக்கு ஓடிவந்து நடத்துநரைத் தள்ளிக்கொண்டு, “பாக்கியம்! வட்டு! பெஞ்சுல இருக்கு!” என்று கத்தினேன். பாக்கியம் அதை எடுத்துவிட்டார். ஆனால் நடுவில் லொறி, அதன் பின்னால் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம், அதன் பின்னால் இன்னொரு லொறி. வீதியைக் கடக்க வழியில்லை. ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார்.

பாக்கியம் ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்தார். வட்டைக் கை மாற்றினார். தோளைத் திருப்பினார். வலக்கையால் எறிந்தார்.

அப்படி ஓர் எறி! வட்டு நெல் மூட்டைகளுக்கு மேலே தட்டையாகப் போய், இந்தப் பக்கம் வந்ததும் இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து, நடத்துநரின் நெஞ்சுக்கு நேராக வந்து அவர் கைக்குள் விழுந்தது. என் வாழ்நாளில் நான் எறிந்த நல்ல எறிகளில் ஒன்றைப் போல் இருந்தது. ஒரு நாளில் வருகிற எறி இல்லை அது. இரண்டு வருடம் தினமும் எறிந்தால்தான் வரும். றபீக் நானாவின் வலது ஆட்காட்டி விரலில் இருந்தது வட்டு உராய்ந்த காய்ப்பு என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

லொறி நகர்ந்த இடைவெளியில் றபீக் நானா ஓடிவந்து மிதிபலகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

“அக்கா, கண்டனீங்கள்தானே. ரீச்சருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“உங்களுக்குத் தெரியுமா? நான் வலக்கைன்னு?”

“சட்டை எழுத்து எங்களுக்கும் வாசிக்கத் தெரியுந்தானே. அவா இல்லாத நேரம் நாங்கள் வலக்கையாலயும் எறிஞ்சு பாக்கிறனாங்கள். எங்களுக்குத் தெரியாதெண்டு அவா நினைச்சுக்கொண்டு இருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும்.”

“எத்தனை பேருக்குத் தெரியும்?”

“ஆருக்குத் தெரியாது?”

பேருந்து நகரத் தொடங்கியது. அவர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

“அப்புறம் எதுக்கு ரெண்டு வருசமா எல்லாரும் இடக்கையால…”

இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார் றபீக் நானா.

“ரீச்சர் இடக்கையாலதானே, அக்கா, பழக்குறா” என்றார். கம்பியை விட்டுவிட்டார்.